துவைக்கிற கல்லில் தேய்த்த வளையம்

டிஸ்க் கோல்ஃப் என்று சொல்லி, மேலகரம் வீட்டுக் கொல்லையில் சங்கிலிக் கூடை ஒன்றை நட்டு அதற்குள் தட்டு எறிகிறாள் மகள். விளிம்பெல்லாம் சிராய்ந்த பழைய தட்டையே எறிவதைப் பார்த்து, வாங்கிக் கொடுத்த புதுசு எங்கே என்று கடிந்துகொண்டேன்.

"அது இடது பக்கமா இழுக்குதுப்பா. இதுதான் சொன்ன பேச்சு கேக்குது."

வாங்கி விளிம்பைத் தடவினேன். அப்பாவின் விரல்நுனி போலச் சொரசொரத்தது.

நான் சிறுவனாயிருந்தபோது இதே கொல்லையில் துணிக்கொடியை வலையாக்கி அப்பாவும் அம்மாவும் ரிங் டென்னிஸ் ஆடுவார்கள். பழைய ரப்பர் வளையம் அறுந்துபோக, அப்பா தென்காசியில் புதிது வாங்கிவந்தார். சாரல் பட்டதும் அது அம்மா கையில் நிற்காமல் வழுக்கியது.

"எங்கை முன்ன மாதிரி இல்ல" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம், பளபளப்புப் போக அப்பா வளையத்தைத் துவைக்கிற கல்லில் தேய்ப்பார். "அம்மைட்ட சொல்லாதலே" என்பார்.

ஒரு மாலை, சாரலிலேயே அம்மா அதைக் கப்பென்று பிடித்தாள்.

"பாத்தியளா, எங்கைக்கு ஒண்ணும் ஆகல."

"நாந்தான் சொன்னேம்லா" என்றார் அப்பா, சிவந்த விரல்களை வேட்டி மடிப்பில் மறைத்தபடி.

மகள் பள்ளிக்குக் கிளம்பியதும், புதுத் தட்டை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன்.