சும்மா கிடந்த கொல்லை

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது என்னிடம் பேச ஆரம்பித்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காட்டின் மேல் எனக்கு என்ன பகை? அம்மாவின் கொல்லைக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

கரியாலூருக்கு மேலே, மலைச் சரிவில் இருந்தது எங்கள் கொல்லை. சாமை போடுவோம். சில வருஷம் விளைந்ததும் அந்த மண்ணைச் சும்மா விட்டுவிடுவோம். அது சும்மா கிடக்கும் வருஷங்களில் வீட்டுக்குப் பின்னாலிருந்த துண்டு நிலமும் கூலி வேலையும்தான் சோறு. விட்ட இடத்தில் செடி முளைக்கும், தழை விழுந்து மக்கும். மண் தேறியதும் திரும்ப உழுவோம். நடுவே நிற்கும் கடுக்காய் மரங்களில் மட்டும் யாரும் அரிவாள் வைக்கக் கூடாது. பட்டா கிடையாது. தாத்தா உழுதார், அப்பா உழுதார், அப்பா போன பிறகு அம்மா உழுதாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நான் மூங்கில்துறைப்பட்டில் ஆலை வேலையில் இருந்தபோது, எங்கள் பக்கத்துக் காட்டின் எல்லையை விரித்துச் சரணாலயம் ஆக்க ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அளக்க ஆட்கள் வந்தார்கள். பயிர் நின்ற இடம் விவசாய நிலம், மற்றதெல்லாம் காடு. அம்மாவின் கொல்லை அப்போது சும்மா கிடந்தது. காடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சட்டம் வந்துவிட்டால் காட்டில் ஏர் பூட்ட விடமாட்டார்கள். கீழேயிருந்து வந்து பக்கத்துச் சரிவைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு மரம் விடாமல் வெட்டித் தள்ளி வருஷா வருஷம் மரவள்ளி போட்டவருடையது மட்டும் நிலமாம். வயிறு எரியுமா எரியாதா?

பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். அம்மா எழுந்து நின்றாள்.

"அது எங்க கொல்லைங்க."

"கொல்லைன்னா பயிர் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"மண்ணு களைச்சிப் பூட்ச்சிங்க. அதான் சும்மா வுட்டு வச்சிக்கினு இருக்கேன்."

அந்த அதிகாரி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. கொல்லையின் போட்டோவைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாருங்க, எவ்ளோ நல்லா வச்சிருக்காங்க. இவங்கள மாதிரி ஆளுங்களாலதான் காடே மிஞ்சி நிக்குது. இதைக் காப்பாத்தத்தான் இந்தச் சட்டமே" என்றார். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

"வச்சிக் காப்பாத்துனவங்களுக்கு நெலம் இல்ல, மொட்ட அடிச்சவருக்கு நெலம். இன்னா சார் நியாயம் இது?" என்று கத்தினேன்.

"விதி அப்படி, தம்பி. அடுத்த முறை அளக்க வரும்போது பயிர் இருந்தா பாக்கலாம்."

மறுநாள் காலையில் அம்மா கோடாலி கேட்டாள்.

"கடுக்கா மரம்மா அது."

"மரத்த வச்சிக்கினு நான் இன்னாத்தடா துன்றது?"

முதல் வெட்டு அவள்தான் போட்டாள். மீதியை நானும் மாமாவும் வெட்டினோம். செடிகளைக் கொளுத்தி, தேறாத மண்ணை உழுது மரவள்ளிக் குச்சி நட்டோம். அந்த மரத்தடியில் முளைத்த கன்றை ஆடு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். சாம்பலில் செருப்பில்லாமல் நடந்து குச்சி நட்டாள்.

அடுத்த முறை வேறொரு அதிகாரி வந்தார். பயிரைப் பார்த்தார், நிலம் என்று எழுதினார். அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்புறம் அந்தச் சட்டம் வரவே இல்லை. கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று ஆலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். அந்த வாரமே மலை ஏறிப் போய் அம்மாவிடம் சொன்னேன். மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அப்ப என் மரத்த யார்றா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.