சாமித்தட்டில் இருந்த விதைக்காசு

அம்மாவின் கைகளில் எப்போதும் குளோரின் மணக்கும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. இடியப்பத்துக்குச் சம்பல் வைத்து ஊட்ட வந்தால்கூட முதலில் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான். சிட்னியில் லிட்கம் ரயில்பாதையை ஒட்டிய ஒரு பழைய மாடிக்குடியிருப்பில் நாங்கள் இருந்த காலம் அது. அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்தார். எங்களுக்கு மேல்மாடியில் அதே மணத்தோடு இன்னொருவர் இருந்தார். மலாவி நாட்டின் தெற்கே, சோளம் விளையும் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கிரேஸ் அன்ரி. படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அம்மாவும் பிடித்து நாள் முழுக்க மடிப்பார்கள். இருவரிடமும் இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடி அளவுதான், ஆனாலும் அவர்கள் வாய் ஓய்ந்து நான் கண்டதேயில்லை.

எங்கள் ஆட்களிடம் அப்போது "சீட்டு" இருந்தது. மாதாமாதம் எல்லோரும் கட்டி, முறை வைத்து ஒருவர் எடுப்பது. அந்த வருசம் சீட்டுப் பிடித்தவர் எல்லாருடைய காசோடும் ஆளே காணாமல் போய்விட்டார். அம்மா அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கிரேஸ் அன்ரி தன் தங்கை எஸ்தரின் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். கிராமத்தில் இருபது பெண்கள் வாரம் ஒரு நாள் வட்டமாகக் கூடியிருந்து காசு போடுவார்களாம். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று திறப்பும் மூன்று வீட்டில், பெட்டி நாலாவது வீட்டில். மூவரும் வந்தாலொழியப் பெட்டி திறக்காது. மழை பொய்த்தால் விதைக்கு, வெள்ளம் வந்தால் கூரைத் தகரத்துக்கு என்று அதிலிருந்துதான் கடன் கொடுப்பார்களாம். பெட்டியைத் தவிர ஒரு துணிப்பையும் உண்டு. யாருக்காவது திடீரென்று துன்பம் வந்தால் அந்தப் பையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள், திருப்பித் தர வேண்டியதில்லை.

"உதெல்லோ புத்தி!" என்று அம்மா துள்ளினார். "மூண்டு பூட்டு! எங்கட ஆக்களுக்கு ஏன் உது தோன்றேல்லை?"

ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டிலும் ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு துணிப்பையும் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஏழு பெண்கள் கதிரைகளை ஒதுக்கிவிட்டு நிலத்தில் வட்டமாக இருப்பார்கள். கிரேஸ் அன்ரி, அம்மா, கீழ்வீட்டு மதுரைக்காரி மீனா அன்ரி ஆகிய மூவரிடமும் திறப்புகள் இருந்தன. பிந்தி வந்தால் இரண்டு டொலர் தண்டம், கூட்டத்தில் போன் அடித்தால் இரண்டு டொலர், யாரையாவது ஏசினால் இரண்டு டொலர். மூன்றாவது வகைத் தண்டத்தை அதிகம் கட்டியவர் என் அம்மாதான், அதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

எனக்குப் பத்து வயதான வருசம் எஸ்தரின் ஊரில் முதல் மழை பெய்தது, எல்லோரும் விதைத்தார்கள், பிறகு வாரக்கணக்கில் வெயில் கொளுத்தி முளைத்ததெல்லாம் கருகிப் போனது. அவர்களுடைய பெட்டியும் பையும் முதல் விதைப்போடு காலி. குறுகிய நாளில் விளையும் விதை வாங்கி அடுத்த மழைக்கு முன் ஊன்றிவிட்டால் தப்பலாம், இல்லாவிட்டால் அந்த வருசம் இருபது வீட்டிலும் உலை கொதிக்காது. பென்டில் ஹில் கடையில் வாங்கிய போன் கார்ட்டைச் சுரண்டி, எங்கள் வீட்டுப் போனில்தான் கிரேஸ் அன்ரி அந்தச் செய்தியைக் கேட்டார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏழு பேரும் எங்கள் பையில் இருந்ததை அப்படியே எஸ்தரின் கூட்டத்துக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். அம்மாவுக்குத் திங்கட்கிழமை வேலையில்லை என்பதால், ஓபர்ன் போய்க் காசு அனுப்புவது அவர் பொறுப்பாயிற்று.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை வந்தது. தொடக்கூடாத காசு என்றால் அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமித்தட்டில் வைப்பார். எடுத்துச் செலவழிக்கக் கை வராதாம். விதைக்காசையும் அப்படியே வைத்தார். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. அப்பாவுக்கு விசா கிடைத்தால் மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வந்து உண்டியலில் போடுகிறோம் என்று நேர்ந்து முடிந்துவைத்த காசு அது. விசா கிடைத்துவிட்டது. சனிக்கிழமை விடிய அப்பா சிநேகிதர் ஒருவரின் காரில் அந்த நேர்த்தியைத் தீர்க்கப் புறப்பட்டார். அம்மா அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்.

"பிள்ளை, எந்த முடிச்சு?" என்று அப்பா கேட்டார்.

நான் டீவியில் காட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கூட்டத்தில் மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள்தான் நான். ஆனால் தலையைக்கூடத் திருப்பாமல், "ரெண்டும்தான் அப்பா" என்றேன்.

அன்று பின்னேரம் வேலையால் வந்து, முழுகிவிட்டு விளக்கு ஏற்றப் போன அம்மா சாமித்தட்டுக்கு முன்னால் அப்படியே நின்றார். அப்பாவுக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் அப்பாவின் குரல் எனக்கே கேட்குமளவு சந்தோசமாக இருந்தது. "எல்லாம் வடிவாச் செய்து முடிச்சாச்சு. ரெண்டு முடிச்சையும் உண்டியல்ல போட்டிட்டன்!"

அம்மா குசினி நிலத்தில் சரிந்து இருந்துவிட்டார். "ஐயோ, அதுகளின்ர சாப்பாடெல்லோ" என்றார். கோயிலில் போய்க் கேட்டுப் பார்க்கவா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும், "சாமிக்குப் போட்டதைத் திருப்பிக் கேக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே!" என்று போனை வைத்தார். கைக்காசு கொடுக்கலாமென்றால், விசா வழக்கு எங்களைத் துடைத்துவிட்டிருந்தது. நான் கட்டிலுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் அவசரக் கூட்டம். அப்பா நெற்றி நிறையத் திருநீறும் கையில் புளிச்சாதப் பொதியுமாக நேரே அதற்குள் வந்து சேர்ந்தார். ஏழு பெண்களும் ஏறிட்டுப் பார்க்க, மனுசன் பொதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரப்பட்டார். அம்மா நடந்ததைச் சொல்லிவிட்டு அவரை ஏசத் தொடங்கினார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்பா கேட்டவர். நான்தான் ரெண்டும் எண்டு சொன்னனான்" என்று அழுதேன்.

கிரேஸ் அன்ரி என்னைப் பார்த்தார். "கூட்டத்தில் கேட்டதைக் கவனிக்கவில்லை. இரண்டு டொலர்" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "புருசனை ஏசினாய். நீயும் இரண்டு டொலர்" என்றார். முதலில் மீனா அன்ரிதான் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் விம்மிக்கொண்டிருந்தேன்.

"சரி, பெட்டியைத் தொறப்போம்" என்றார் மீனா அன்ரி. "பெட்டிக் காச நம்ம பிரிச்சுக்கிறது அடுத்த தீபாவளிக்குத்தானே? அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அக்கா பேர்ல கடனா எழுதிக்கலாம், அவங்க மெதுவாக் கட்டட்டும்."

பெட்டியைத் திறக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். தன் வீட்டுக்குப் போகும் காசைப் பற்றி ஒருவர் வாக்களிக்கக் கூடாது என்பதும் கிரேஸ் அன்ரியே போட்ட சட்டம். அவர் எழுந்து பல்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். உள்ளே ஆறு கைகளும் உயர்ந்துவிட்டன. அப்பாதான் பல்கனிக் கதவைத் திறந்து, "சிஸ்டர், உங்கட திறப்பு வேணுமாம்" என்றார்.

திங்கட்கிழமை காசு போனது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சாப்பிட்டது கொஞ்சம், போனையே பார்த்துக்கொண்டிருந்தது அதிகம். ஒன்பதாம் நாள் கிரேஸ் அன்ரி படிகளில் தடதடவென்று இறங்கி வந்து, கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்து, என்னைத் தூக்கிச் சுற்றினார். விதை ஊன்றிய மறுநாளே மழை. அம்மாவின் கடன் தீரப் பத்து மாதம் பிடித்தது. அவ்வளவு மாதமும் அப்பா சனிக்கிழமைகளில் ஒரு கம்பனியின் கந்தோரைக் கூட்டித் துடைத்தார். ஒருநாள்கூட என்னைக் குத்திக்காட்டியதில்லை.

இப்போது அந்த மாடிக்குடியிருப்பு இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். சுரண்டும் போன் கார்ட்டும் போய்விட்டது. ஏழு பெண்களும் வீடு வாங்கி ஏழு திசைக்குப் போனபோது எங்கள் வட்டமும் கலைந்தது. இன்று அவசரத்துக்குக் கடன் என்றால் போனில் நாலு தட்டுத் தட்டினால் வருகிறது. முகம் பார்க்கத் தேவையில்லை. எஸ்தரின் கூட்டம் மட்டும் கலையவில்லை. அவருடைய மகளும் அதில் சேர்ந்துவிட்டாள் என்று கிரேஸ் அன்ரி வாட்ஸப்பில் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்.

போன வருசம் பெய்த மழையில், நானும் கணவரும் வின்ட்சர் பக்கம் வாங்கிய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா வந்து சேற்றுக்குள் நின்றபடி தன் போனை நீட்டினார். கிரேஸ் அன்ரி சொல்லிக் கேள்விப்பட்டு, எஸ்தரின் கூட்டம் தங்கள் துணிப்பையில் இருந்ததை எனக்கு அனுப்பியிருந்தது. எங்கள் பணத்தில் மாற்றினால் நாற்பது டொலர்கூட வராது.

"ஐயோ அம்மா, அவையிட்டப் போய் வாங்கிறதோ? திருப்பி அனுப்புங்கோ" என்றேன்.

அம்மா என்னை அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை. "நாங்கள் குடுத்தால் வாங்கோணும், அவை தந்தால் மட்டும் வேண்டாமோ? வீட்டுக்கை வெள்ளம் வந்தால் என்னெண்டு அவைக்குத் தெரியுமடி. பேசாமல் கடைக்குப் போ."

போனேன். அந்தக் காசுக்கு ஒரு வாளியும் ஒரு தும்புத்தடியும் வந்தன. பின்னேரம் முழுக்க அந்தத் தும்புத்தடியால்தான் என் வீட்டுச் சேற்றைத் தள்ளி வெளியேற்றினேன்.