கறை பார்க்கும் கேமராவும் என் தங்கையும்

நம் சலவைத் தொழில் சங்கத்தின் இதழில் என்னைப் பற்றி ஏற்கனவே இரண்டு பக்கம் வந்திருக்கிறது, படத்தோடு. அதில் நான் சொன்ன ஒரு விஷயம் பொய். அதைத் திருத்தத்தான் இப்போது எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதுமே என்றார் ஆசிரியர். இரண்டு வரியில் அடங்கிவிட்டால் நான் ஏன் இந்த வயதில் பேனாவைத் தூக்கப் போகிறேன் என்று கேட்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரு தொட்டி, ஒரு கல், இரண்டு கை, இவ்வளவுதான் என் மூலதனம். இன்றைக்குப் பதினான்கு இயந்திரம் ஓடுகிறது. எட்டு மருத்துவமனை, இருபது விடுதி. இந்த ஊரில் எவ்வளவு பெரிய மனிதர் நோயில் விழுந்தாலும் என் விரிப்பில்தான் படுத்தாக வேண்டும். தெருமுனையில் வரும்போதே பாய்லர் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதெல்லாம் உண்மை. இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது என் தங்கையைப் பற்றியது.

அவள் எனக்குப் பதினான்கு வயது இளையவள். அப்பா போனபோது அவளுக்கு நான்கு வயது, எனக்குப் பதினெட்டு. அன்று முதல் அண்ணனும் நான், அப்பாவும் நான். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்னந்தலை நரைத்துவிட்டது, இன்னும் பாப்பாதான். புதிதாக வேலைக்கு வரும் டிரைவர், பாப்பா எங்கே என்று குனிந்து தேடுவான். மூன்றாம் நாள் அவனும் பாப்பாக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. பள்ளி முடித்த வருடம்தான் எனக்கு முதல் மருத்துவமனை கிடைத்தது. துணி மலை மாதிரி வந்து விழுந்தது. ஒரு வருஷம் மட்டும் கை கொடு பாப்பா, அப்புறம் காலேஜ் என்றேன். அந்த ஒரு வருடம் இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவளுக்கு நான் கொடுத்தது துணி பிரிக்கும் மேசை. நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கடை நிற்பதும் கவிழ்வதும் அந்த மேசையில்தான். ரத்தக் கறை வெந்நீரில் விழுந்தால் துணி கிழியும் வரை அது போகாது. துருக் கறையில் பிளீச் பட்டால் இன்னும் மோசமாகும். எண்ணெய்க்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. அவள் ஒரு பார்வையில் பிரித்துவிடுவாள். அதோடு விடுவாளா? விரிப்பை வைத்துக்கொண்டு அதில் படுத்திருந்தவருடைய ஜாதகமே சொல்வாள். "மூணாவது வார்டு ஓரக் கட்டில்ல யாரோ எழுந்து உட்கார்ந்துட்டாங்க அண்ணா, காபி கொட்டியிருக்கு" என்பாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் பிழைத்ததற்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள்.

வரன்கள் வந்தன. ஒருவன் குள்ளம் என்றேன், ஒருவனுக்குப் பேச்சு சரியில்லை என்றேன். என் தங்கைக்குத் தகுந்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். "மேசை காலியாயிடுமேன்னு பயம் இவருக்கு" என்று என் மனைவி ஒரு தடவை சொன்னாள். அன்று நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் வாங்கினாள். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தாள். பரீட்சை நாள் எல்லாம் துணி அதிகம் வரும் நாளாகவே அமைந்தது, அவள் என்ன செய்வாள். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். வருகிறவர்கள் அதை என்னுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை.

பிறகு மதிய இடைவேளையில் செல்போனில் ஏதோ பாடம் கேட்க ஆரம்பித்தாள். ஏஐ என்றாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பிரிக்கும் மேசைக்கு மேலே ஒரு கேமரா வேண்டும், அதைப் பிடிக்க ஒரு கம்பி வேண்டும் என்றாள். கம்பியை நானே வளைத்துச் சுவரில் அடித்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கறையாகப் படம் பிடித்தாள். பதினோராயிரம் படம். ஒவ்வொரு படத்துக்கும் இது பழைய ரத்தம், இது புது ரத்தம், இது குழம்பு, இது துரு, இது பேனா மை என்று தன் கையால் எழுதினாள். கடைசியில் கேமரா துணியைப் பார்த்ததும் விளக்கு எரிய ஆரம்பித்தது. சிவப்பு எரிந்தால் குளிர்ந்த தண்ணீர், மஞ்சள் எரிந்தால் வெந்நீர், பச்சை எரிந்தால் பிளீச் கூடாது. நாலாவது வெள்ளை விளக்கு. வெள்ளை எரிந்தால் இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்தத் துணியைத் தனிக் கூடையில் போட வேண்டும். சாயங்காலம் அவள் அந்தக் கூடை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இது இன்னது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பாள். மறுநாள் அது தெரிந்துகொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் இதழிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வந்தார்கள். கேமராவைப் பார்த்து அசந்துபோய், இதை யார் செய்தது என்று கேட்டார்கள். பாப்பா பத்தடி தள்ளி மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. என் கூரைக்குக் கீழே நடக்கிற எல்லாவற்றையும் நான் செய்தது என்றே சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருந்தது. கறையைப் பார்த்ததும் இந்த யோசனை என் மூளையில் எப்படி மின்னியது என்று ஒரு கதையும் சேர்த்துச் சொன்னேன். அச்சில் வந்தபோது அவள் படித்தாள். "தொப்பை தெரியாம மூச்சை இழுத்துப் பிடிச்சு நின்னிருக்கீங்க" என்று சிரித்தாள். இதழை மடித்து வைத்துவிட்டு மேசைக்குப் போனாள்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு மேற்படிப்பு விண்ணப்பம் வாங்கினார்கள். இரண்டு வருடப் படிப்பு, முப்பது இடம், வயது வரம்பு இல்லை. என்னிடம் வந்து கேட்டாள். கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்வதற்காகவே காத்திருப்பவள் மாதிரி நின்றாள். மேசைக்கு ஆள் பழக்கி வைத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். கேமராதான் பாதி வேலை பார்க்கிறதே, போய்ட்டு வா என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

தானே செய்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தார்கள், கேமராவைக் காட்டினாள். ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கமும் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தக் கேமராவுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததிலேயே கஷ்டமானது, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வைத்ததுதான் என்று அதில் இருந்தது. அதை மேலும் படிக்க ஆசை என்று முடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியலைன்னு எழுதறவளுக்கு எவன் சீட்டு கொடுப்பான், எல்லாம் தெரியும்னு எழுது என்றேன். சரிண்ணா என்றாள். ஆனால் மாற்றவில்லை.

நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாகவே நடந்தது. கூடத்தில் இயந்திரச் சத்தம், அதனால் என் அலுவலகத்தில் உட்கார வைத்தேன். மின்விசிறியை நானே நிறுத்தினேன். கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம், அவர்கள் கண்ணில் படாத இடத்தில், நாற்காலி போட்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர். கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி பிரிக்கும்போது அசைகிற மாதிரியே அசைந்துகொண்டிருந்தது.

அப்போது பேராசிரியர் அம்மா ஒருவர் கேட்டார். "உங்க தொழில் சங்கத்து இதழ் எங்ககிட்ட இருக்கும்மா. இந்தக் கேமரா ஏற்பாடு முழுக்கத் தன்னுடையதுன்னு உங்க முதலாளி சொல்லியிருக்காரே. அவர் சொல்றது சரியா, நீங்க எழுதினது சரியா?"

பாப்பா என்னைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். எழுந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தலையை நீட்டி, அம்மா, நான் சும்மா அளந்தது என்று சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. வெளியாட்களுக்கு முன்னால் அவள் என் பேச்சைத் தட்டுவாளா, மாட்டாளா என்பதில்தான் என் மனசு போய் நின்றது.

"அண்ணன் சொன்னது சரிதான்" என்றாள். "நான் கூட இருந்து உதவி பண்ணேன்."

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. என் வளர்ப்பு என்று நினைத்தேன்.

இருபது நாளில் பதில் வந்தது. சமர்ப்பித்த பணி விண்ணப்பதாரருடையது அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று இருந்தது. எழுத்துக் கூட்டி நான் இரண்டு தடவை படித்தேன். அவள் ஒரு தடவை படித்தாள், காகிதத்தைத் துண்டு மடிப்பது மாதிரி மூன்றாக மடித்தாள், மூட்டை அவிழ்க்கப் போய்விட்டாள். அன்று பிரித்ததில் ஒரு தவறுகூட இல்லை.

மறுவாரம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மந்திரி வீட்டு விரிப்பே துவைத்தவன், ஒரு அலுவலகம் எனக்கென்ன பெரிது என்று போனேன். அங்கே சேர்க்கைப் பிரிவில் என் மகன் வயது அதிகாரி ஒருவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் அவள் செய்தது, இதழில் நான் சொன்னது பொய் என்றேன். வெளியாள் ஒருவரிடம் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சரிங்க ஐயா, எழுதிக் கொடுங்க. ஆனா அவங்க நேர்காணல்ல சொன்னது பதிவாயிருக்கு. நீங்க எழுதறது உண்மைன்னா, அவங்க நேர்காணல்ல பொய் சொன்னாங்கன்னு ஆகும். அதுக்கும் இதே மூணு வருஷம்தான். எப்படி எழுதறீங்க?"

பதினான்கு இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்ட கை அந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்கவில்லை. எனக்குத் தெரியலை தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான் போன விஷயம் பாப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வந்ததும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "எதுக்கு அலைஞ்சீங்க, வெயில்ல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன் அண்ணா. பார்த்தேன். நீங்க சொல்லலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேசையை விட்டு அவள் போகவில்லை. நேரத்துக்கு வருகிறாள், பிரிக்கிறாள், போகிறாள். வெள்ளை விளக்குக் கூடை முன்னால் மட்டும் உட்காருவதில்லை. போன மாதம் ஒரு மருத்துவமனையில் புதிதாக ஏதோ நீல மருந்து பூச ஆரம்பித்திருக்கிறார்கள். நீலக் கறை பட்ட ஒவ்வொரு துணிக்கும் வெள்ளை விளக்கு எரிகிறது. கூடை நிரம்பி வழிகிறது. அவள் கையால் எடுத்துச் சரியான தொட்டியில் போட்டுவிடுகிறாள், ஆனால் கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. யார் படுத்திருந்தார், எழுந்து உட்கார்ந்தாரா என்று என்னிடமும் சொல்வதில்லை. ஒரு சாயங்காலம் நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

இதை எழுதி முடித்து அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்டினேன். துண்டு மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கேமரா வாங்கிக் கொடுத்தது மட்டும்தான் நான், மற்றதெல்லாம் என் தங்கை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடத்தில் அவள் கை நின்றது.

"கேமராவும் நான் வாங்கினதுதான் அண்ணா."

அந்த வரியை அடித்தேன். அப்போ எதுதான் என்னுது என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பி. அது நீங்க அடிச்சது. இத்தனை வருஷத்துல ஆடவே இல்லை."

அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி நான் அடித்தது.