வலை அலமாரியில் முட்டைகள்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது அம்மா சீராகக் கொடுத்த சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு தேக்கு அலமாரி. இடுப்பு உயரம் இருக்கும். கதவில் கம்பி வலை. பால், தயிர், மீந்த குழம்பு எல்லாம் அதற்குள்தான். எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பேன். அந்த அலமாரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் கணவர் முட்டை பொரிக்கும் இயந்திரமாக மாற்றிவிட்டார்.

திரும்பி வந்து பார்க்கிறேன். குழம்புச் சட்டி தரையில் இருக்கிறது. பால் பாத்திரத்தில் ஈ மொய்க்கிறது. அலமாரியின் வலைக்கு உள்பக்கம் தடித்த அட்டையை வைத்து ஆணி அடித்திருந்தார். மேல்பலகையில் ஓட்டை போட்டு வயர் இறக்கி, உள்ளே இரண்டு பல்பு தொங்கவிட்டிருந்தார். சூடு ஏறினால் பல்பு தானாக அணையும், குறைந்தால் தானாக எரியும் என்றார். அதற்கான சின்னத் தகட்டை மெட்ராசுக்குப் போன நண்பர் மூலம் வரவழைத்திருந்தாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்குபேட்டர்" என்றார், பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் மாதிரி.

"தயிரை எங்கே வைக்கிறது?"

"அதுக்கு ஒரு வழி பண்ணலாம்."

அந்த வழி கடைசி வரைக்கும் பிறக்கவில்லை.

அவர் தெர்மலில் டர்பைன் பக்கம் வேலை பார்த்தார். ஊருக்கே கரண்ட் அனுப்பும் இடத்தில் இருந்ததாலோ என்னவோ, கரண்டால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்று நம்பினார். ஒரு கோழி சும்மா உட்கார்ந்து செய்கிற வேலையை ஒரு பல்பு செய்யாதா என்பது அவருடைய கேள்வி. எங்களிடம் கோழியும் கிடையாது. காடாம்புலியூரிலிருந்து வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரிதான் தன் தாய்வீட்டிலிருந்து கூடை நிறைய நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து தந்தாள். அவள் வீட்டுக்காரர் மைன்ஸில் அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள்.

முட்டைகளை அடுக்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. முட்டையைச் சும்மா வைத்தால் போதாது. திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒவ்வொரு முட்டையிலும் ஒருபக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டார். காலையில் பெருக்கல் மேலே, மத்தியானம் வட்டம் மேலே, சாயங்காலம் மறுபடி பெருக்கல், மறுநாள் காலை வட்டம். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் குறையாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? அவருக்கு ஷிப்ட் இருக்கிறதே.

"நீ வீட்லதானே இருக்க" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், பின்னும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது போல் எரிச்சல் என்றைக்கும் வந்ததில்லை.

கத்திரி வெயில் காலம். அந்த அறையில் மின்விசிறி போடக்கூடாது என்று சட்டம் வந்தது. காற்று அலமாரிக்குள் புகுந்து சூட்டைக் குறைத்துவிடுமாம். முட்டைகள் சுகமாக இருந்தன, நான் வெந்துகொண்டிருந்தேன். இதற்கு நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சூடு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லையே, கேட்கிறாரே என்று, "இப்ப கொஞ்சம் தேவலை" என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து குனிந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு தொல்லை. யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்து காட்டுவாள். "இது எங்க ஆத்தா வூட்டு முட்டைங்க. கோயியே இல்லாம குஞ்சு வரப்போவுது பாருங்க" என்பாள். திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும். உள்ளே மாட்டியிருந்த வெப்பமானியில் முள் இறங்கியிருப்பதைப் பார்த்து அவர் என்னிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அவளிடம் சொன்னால், "நான் என்னாக்கா பண்ணேன், சும்மா பாத்துகினுதான இருந்தேன்" என்பாள்.

ஒரு வாரம் கழிந்ததும் அவர் குளியலறைக் கதவைச் சாத்தி, ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தின் முன் பிடித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடியது. நடுவில் ஒரு புள்ளி அசைந்தது.  அதற்குப் பிறகு முட்டையைத் திருப்பும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் திருப்பினேன். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் என் தங்கைக்கு வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம். தலைப்பிரசவம். அக்கா நான் ஒருத்திதான், முன்கூட்டியே வந்து எல்லாம் செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். இவரையும் கூப்பிட்டேன்.

"லீவா? டர்பைனைப் பிரிச்சுப் போட்டிருக்கு. வாய்ப்பே இல்ல. நீ மட்டும் போயிட்டு வா" என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "ஒரு வாரம் கழிச்சுப் போனா என்ன?"

"வளைகாப்பு என்ன வாராவாரம் நடக்குமா?"

"குஞ்சு வர்ற சமயமாச்சேன்னு சொன்னேன்."

நான் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கினேன். பேசினால் என்ன வருமென்று எனக்கே தெரியாது.

என்னை அழைத்துப்போக அண்ணன் வந்தான். சொல்லாமல் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டான். அவர் காலை ஷிப்ட், நான் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்திருக்கிறான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பசி. அண்ணனுக்குச் சமையல் கைவந்த கலை. வேலை பார்க்கிற ஊரில் தானே பொங்கித் தின்கிறவன்.

நான் பையோடு உள்ளே நுழைந்தபோது அலமாரிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அண்ணன் கொல்லைப்புறக் குழாயடியில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"சட்டியைப் பாரு" என்றான், திரும்பாமலே.

பார்த்தேன். அதை எழுத மாட்டேன். கண் என்று தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"அண்ணே, அது பொரிக்க வச்ச முட்டைண்ணே!"

"நானும் பொரிக்கத்தானே எடுத்தேன்!" என்றான் பரிதாபமாக. "நம்ம அம்மா குடுத்த அலமாரி. உள்ள முட்டை இருக்கு. பல்பு வேற எரியுது. டவுன்ஷிப்புல இது புதுமாதிரி பிரிட்ஜ் போலன்னு நெனச்சேன்."

"பிரிட்ஜ் சூடாவா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும், நம்ம வீட்டுல யாரு பிரிட்ஜ் வச்சிருக்கா? முட்டையில குறி போட்டிருந்துச்சு. கடைக்காரன் போட்டதுன்னு விட்டுட்டேன்."

நல்லவேளை, முதல் முட்டையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அதைவிட, திறந்தே கிடந்த கதவுதான் எனக்குப் பயம். சாத்திவிட்டு மானியைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தேன். முள் ஏற ஏற எனக்கும் மூச்சு வந்தது. என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மத்தியானம் வந்தவரிடம் சொன்னேன். மச்சானைத் திட்ட முடியுமா? "பரவால்ல மச்சான், தெரியாமத்தானே" என்று அண்ணனிடம் சிரித்தார். பிறகு அடுக்களைக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். அலமாரியில் ஆயிரம் ஆணி அடித்தவர் அவர். பூட்டு மட்டும் நான் போட வேண்டுமாம்.

மறுநாளே கிளம்பிவிட்டேன். முட்டையைத் திருப்பும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். "நீ கவலைப்படாம போய்ட்டு வாக்கா" என்றாள். பஸ்ஸில் போகும்போதும் மத்தியானமானால் கை எதையோ தேடியது. தங்கைக்கு வளையல் அடுக்கும்போது அம்மா, "மனசு எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். கோழி முட்டையில் என்று எப்படிச் சொல்வது? "மாப்பிள்ளை ஏன் வரலை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "டர்பைனைப் பிரிச்சுப் போட்டிருக்கு" என்று விளக்கிச் சொன்னேன். ஒரு சித்தப்பா அது என்ன வியாதி என்று கேட்டார்.

விசேஷம் முடிந்து திரும்பினேன். வாசல் கேட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"யக்கா, குஞ்சு வந்துடுச்சுக்கா! நேத்தும் முந்தாநேத்தும் ஒரே கூத்து. ஒங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா லீவு போட்டுகினு பெட்டி முன்னாடியே குந்திகினு இருந்தாரு. சோறு தண்ணிகூட இல்ல. நான்தான் ரசம் வச்சுக் குடுத்தேன்."

"என்ன போட்டுக்கிட்டு?"

"லீவுக்கா."

நான் பெட்டியை வாசலிலேயே வைத்தேன். உள்ளே அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் மஞ்சளும் கறுப்புமாகப் பஞ்சு உருண்டைகள் கத்திக்கொண்டிருந்தன. முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

"டர்பைனை மாட்டியாச்சா?" என்றேன்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இந்தா பாரு, வளைகாப்பு நான் வராட்டியும் நடக்கும். இது அப்படியா?"

"ரெண்டு வாரம் திருப்பினது யாரு?"

"நீதான்."

"பொரிக்கிறதைப் பார்த்தது யாரு?"

 பின்னால் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "நானும் பாத்தேன்க்கா" என்றாள்.

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சாதம் வடித்தேன், தட்டில் போட்டேன், அவ்வளவுதான். அதற்கும் குஞ்சுகள் விடவில்லை. பெட்டியிலிருந்து தாண்டிக் குதித்து என் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கும் கொல்லைக்கும் கூடவே ஓடி வந்தன. இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தவரை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. ஆனால் காலை எடுத்து வைக்கும் இடமெல்லாம் குஞ்சு. மிதித்துவிடுவேனோ என்று கிழவி மாதிரி தரையை உரசி உரசி நடந்தேன்.

வளர வளர இன்னொரு உண்மை தெரிந்தது. இரண்டைத் தவிர எல்லாம் சேவல். விடியும் முன்பே ஒன்று கூவ, அதற்கு மற்றொன்று பதில் சொல்ல, ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண்ணயர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் சிவந்த கண்ணோடு வேலிப்பக்கம் வந்து நின்றார். தன் மனைவி கொண்டுவந்த முட்டை என்பதால் அவராலும் முழுதாகத் திட்ட முடியவில்லை. "இன்னாங்க இது?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சேவல்களெல்லாம் கூடையேறிக் காடாம்புலியூருக்கே போய்ச் சேர்ந்தன.

அவர் அத்தோடு விடுவாரா? மழைக்காலம் முடிந்ததும் அடுத்த கூடை முட்டை வந்தது. நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன்: பொரிக்கிற அன்றைக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும், நான் உட்காருவேன்.

சொன்னபடி போனார். வாசலில் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். நான் அலமாரி முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தேன். ஒரு முட்டையில் சின்னதாக ஒரு விரிசல். உள்ளிருந்து கீச் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தேன். மறுபடி ஒரு கொத்து, மறுபடி ஓய்வு. கையை விட்டு ஓட்டை உரித்துவிடலாமா என்று விரல் துடித்தது. உரித்தால் செத்துப்போகும் என்று அவர் சொல்லியிருந்தார். அடுப்பில் பருப்பு தீய்ந்தது. போய் இறக்கிவைக்க மனசில்லை. "வாயேன், வந்து தொலையேன்" என்று அலமாரியைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஓடு சட்டென்று இரண்டாகப் பிளந்தது. ஈரத்துணியைப் பிழிந்து போட்டது போல், கழுத்து நீண்டு, பார்க்கவே சகிக்காமல் ஒன்று வெளியே விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது. அடுத்த முட்டைமேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டது.

நான் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடெல்லாம் தீய்ந்த பருப்பு வாடை. பக்கத்திலேயே இன்னொரு முட்டை மெல்ல ஆடத் தொடங்கியது.