ஓரத்தில் விழுந்த விரல்கள்

என் வீட்டுக்காரர் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் அவருடைய தம்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் அடிக்க வேண்டும், வீட்டில் மாலை போட ஒரு படம் வேண்டும்.

"அண்ணி, அண்ணன் போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்க. உங்ககிட்ட இல்லாத போட்டோவா?"

அவர் குத்திப் பேசவில்லை. எனக்குக் கேமராப் பைத்தியம் என்று சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கே தெரியும். வாரமெல்லாம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணினியைத் தட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிஎஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீட்டுக் கம்ப்யூட்டர் நிறைய சூரியன்தான். காவேரிப்பாக்கம் ஏரியில் இறங்குகிற சூரியன், பனைமரத்துக்குப் பின்னால் சூரியன், மழைக்கு முந்தின சூரியன். எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட அவர் முகம் இல்லை.

இத்தனைக்கும் என்னைப் பைக்கில் உட்காரவைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனதே அவர்தான். கரையில் ஏறியதும் மதகு பக்கம் போய் நிற்கச் சொல்வேன். ஃபோகஸும் வெளிச்சமும் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு படம் எடுத்துவிட்டு, "போதும், தள்ளுங்க" என்பேன். திரும்பும்போது வாலாஜா பக்கம் டீக்கடையில் நிற்போம். அங்கே கேமராவை வாங்கிக்கொள்வார். அதில் அவருக்குத் தெரிந்தது குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் ஒன்றுதான். தான் நிற்கிற படங்களாகத் தேடித் தேடி அழிப்பார்.

"நான் இருக்கறதெல்லாம் தூக்கிட்டேன். கார்டுல இடம் ஜாஸ்தியாச்சு பாரு."

நல்ல வேலை செய்தீர்கள் என்று நானும் சொல்லியிருக்கிறேன். செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். "இந்த மூஞ்சிய எடுத்து இன்னா பண்ணப் போற?" என்பார். கல்யாண ஆல்பத்தில் இருந்த ஒல்லிப் பையனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் கம்பெனி அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு இருந்த முகத்தைத்தான் ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் கொடுத்தார். திருட்டுக் கேஸில் பிடித்துவந்த ஆள் மாதிரி இவர் அதில் முழித்துக்கொண்டிருந்தார். அதற்குத்தான் மாலை போட்டோம். போட்டோ எடுக்கிறவள் புருஷனுக்கு இந்தக் கதி. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதி வெட்கம்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவருடைய கை ஞாபகம் வந்தது.

என் கேமரா, கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ஒருவரிடம் வாங்கிய பழைய சாமான். லென்ஸில் வெயில் அடிக்காமல் முன்னால் மாட்டுகிற ஹுட் அதோடு வரவில்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில் அடித்தால் படம் வெளுத்துப்போகும். அதனால் இவர் என் தோளை ஒட்டி நின்று, லென்ஸுக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். ஹுட் வாங்கலாம் என்றால், "என் கை இருக்கும்போது அது எதுக்கு?" என்பார். ராணிப்பேட்டை தோல் ஷெட்டில், தோல் பதனிடுகிற குரோம் தண்ணீரில் ஊறின கை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ஏறின குரோம் நீலம் போகாது. அந்த விரல்கள் அடிக்கடி படத்தின் ஓரத்தில் விழும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டுக்கு வந்து அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தை யாருக்கும் காட்டுவேன்.

ஆனால் வெட்டியது காட்டுகிற பிரதியில் மட்டும்தான். மூலப் படங்கள் முழுசாக அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் இடது மூலையில் இரண்டு விரல். இன்னொன்றில் நான்கு விரல், மோதிரத்தோடு. வேறொன்றில் வெயில் பட்டு உள்ளங்கை விளிம்பு செக்கச்செவேல் என்றிருந்தது. ஏரியையும் கொக்குகளையும் நான் பார்க்கவே இல்லை. அந்த நீல நகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தேதி வரிசையில் போய்க்கொண்டே இருந்தபோது போன மழைக்காலத்து ஞாயிறு ஒன்று வந்தது. ஏரி நிரம்பியிருந்த நாள். மேகம் விலகி, ஒரே ஒரு கீற்று வெளிச்சம் தண்ணீரில் இறங்கியது. அந்த மாதிரி வெளிச்சம் ஒரு நிமிஷம்கூட நிற்காது. அதிலும் விரலை நீட்டினார். காற்று வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

அவர் கையை எடுத்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு டீக்கடையில் கேமராவைக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் புது ஹுட் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, அவரே மாட்டிக் கொடுத்தார். நான் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அந்த வெளிச்சத்தை நான் மூன்று படம் எடுத்திருக்கிறேன். முதல் படத்தில் விரல்கள் தெளிவாக இருக்கின்றன. இரண்டாவதில் கை விலகிக்கொண்டிருக்கிறது, கலங்கலாக. மூன்றாவதில் கை இல்லை. அன்றிலிருந்து அவர் போகிற வரைக்கும் எடுத்த எந்தப் படத்திலும் இல்லை. எல்லாம் சுத்தமாக, நான் கேட்டபடியே வந்திருக்கின்றன.