தேத்தண்ணி குடித்த மாடு

போர் முடிந்து மீளக்குடியேறிய முதல் வருடம் பாப்பாமோட்டையில் எங்களுக்கென்று இருந்தவை ஒரு தகரக் கொட்டிலும் உதவியாகக் கிடைத்த ஒரு பசுவும்தான். அம்மா, நான், அம்மாவின் தம்பி என்று மூன்று பேர். மாமாவின் இடது காலில் ஷெல் பட்ட பழைய தழும்பு இருந்தது. ஆண்களின் உடம்பில் தழும்பைக் கண்டால் இராணுவ விசாரணை வரும் காலம் அது. அதனால் அதே காலில் புதிதாக ஒரு புண் வந்து காயாமல் கிடந்தபோதும் மாமா அதை வெளியாட்கள் யாருக்கும் காட்டவில்லை.

கிழமைக்கொருமுறை வாசிகசாலையில் கிளினிக் நடக்கும். டொக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்றபடி எல்லாம் ஒரு மிஸ்ஸியின் பொறுப்பு. தாதிமாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். பிரஷர் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் அவர்தான். யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றும் அவரே முடிவு செய்வார். ஊருக்கு அதுவே சந்தேகம். டொக்டரின் வேலையை இவர் ஏன் செய்கிறார்? வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் வருத்தம் என்று ஏன் இவ்வளவு விசாரிக்கிறார்? கேட்டதையெல்லாம் யாரிடம் சொல்கிறார்?

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு கிளினிக் வரிசையில் போய் நின்றார்.

“மிஸ்ஸி, எங்கட மாட்டுக்குக் காலில புண். காயுதில்லை. ஏதும் மருந்து தாங்கோ.”

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். “மாடு தேத்தண்ணி குடிக்குமோ?”

“ஓம் மிஸ்ஸி, சீனி அள்ளிப் போட்டுத்தான்” என்றார் அம்மா, யோசிக்காமல்.

“படிச்ச மாடு போல” என்றார் பின்னால் நின்ற ஒருவர். வரிசை சிரித்தது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. “பின்னேரம் வந்து பாக்கிறன்” என்றார்.

“உளவு பாக்கத்தான் வாறா” என்று சொல்லிவிட்டு மாமா கிணற்றடி ஓலைக்கிடுகு மறைப்புக்குள் போய் இருந்துகொண்டார். மிஸ்ஸி வந்ததும் நான் பசுவைக் காட்டினேன். அவர் குனிந்து அதன் நாலு கால்களையும் ஒழுங்காகப் பார்த்தார். பிறகு மறைப்பின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“மாட்டுக்கு ஒண்டுமில்லை. அங்க இருக்கிறவர் காலைக் காட்டட்டும். எங்க, எப்பிடிப் பட்டதெண்டு நான் கேக்க மாட்டன்.”

பிறகு மாமா நொண்டிக்கொண்டு வந்தார். மிஸ்ஸி விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தார். பஞ்சால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரியுதோ என்று கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கால்விரல்கள் கறுத்திருந்தன.

“இண்டைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.”

“டொக்டர் பாக்காமல் நீங்கள் எப்பிடிச் சொல்லலாம்?” என்றார் அம்மா.

“டொக்டர் அடுத்த கிழமைதான் வருவார், அக்கா. கால் அதுவரைக்கும் பொறுக்காது.”

அவர் தொலைபேசியில் கூப்பிட, ஒரு வான் வந்தது. வெள்ளை வான். ஆட்களைப் பிடித்துப்போகும் வான்களும் அந்த நிறம்தான் என்று ஊரில் கதைப்பார்கள். சுகாதாரப் பகுதி வான்கள் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று மிஸ்ஸி சொன்னார். அம்மாவுக்கு அந்த விளக்கம் போதவில்லை. வான் கதவைப் பிடித்துக்கொண்டு இப்போது அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். நீங்கள் எந்த இடம்? ஆருடைய மகள்? வீடு எங்க? பள்ளிமுனை, கோயிலுக்குப் பின்பக்கம் என்று மிஸ்ஸி ஒன்றும் விடாமல் பதில் சொன்னார். அம்மா அதை என்னைத் திருப்பிச் சொல்லவைத்து மனப்பாடமாக்கினார். அதன் பிறகுதான் கதவை விட்டார். மிஸ்ஸி பின்னால், மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா சமைத்தார், சாப்பிடவில்லை. மன்னாருக்குப் போய்ப் பார்த்து வந்தவர்கள் மாமா சுகமாக இருக்கிறார் என்று சொன்னதையும் அவர் நம்பவில்லை.

மாமா ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார், கக்கத்தில் ஊன்றுகோலோடு. இரண்டு விரல்களை வெட்டியிருந்தார்கள். கால் தப்பியிருந்தது. அம்மா தெருவிலேயே குந்தியிருந்து காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைத் தடவித் தடவி அழுதார், பிறகு சிரித்தார். அடுத்த கிளினிக்குக்கு ஒரு சட்டி தயிர் போனது. எனக்குக் கோபம் வந்தது. விரலை வெட்டியவர்களுக்கு யாராவது தயிர் கொடுப்பார்களா?

வெள்ளை வானில் ஏறிப்போன ஒருவர் திரும்பி வருவதை அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.