மூன்றாவது கோடு

கிஸ்லேன் ரான்கூர் வீட்டு விருந்துக்கு, மாவுக்குள் இறைச்சி வைத்து மூடிய 'பை' சுட்டு எடுத்துப் போகிறவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் நடுவில் கத்தியை இறக்கி, "ஆகா, நல்லா வெந்திருக்கு" என்பார்கள். இவள் நடுவில் ஒரு வெட்டு, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என்று போட்டு, மூன்றையும் குனிந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் அந்தப் பை பார்க்கச் சகிக்காது.

அவள் பிழைப்பும் அதுதான். சட்பரி நகருக்கு வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் கெட்டில் லேக். ஊரில் இருப்பது ஒரே ஒரு பொறியியல் அலுவலகம். ஒரு கட்டடத்தைக் கணினிக்குள் எழுப்பி, அதன்மேல் பனியையும் காற்றையும் ஏற்றி, எந்த இடம் தாங்குகிறது, எந்த இடம் திணறுகிறது என்று பார்ப்பது கிஸ்லேனின் வேலை. கணினி அதை வண்ணப் படமாகக் காட்டும். தாங்கும் இடம் பச்சை, திணறும் இடம் சிவப்பு. அந்தப் படத்தின்மேல் அவளுக்குத் துளி மரியாதை கிடையாது. அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். கோட்டின் வழியே அடிக்கு அடி எவ்வளவு அழுத்தம் என்பது கீழே மேடும் பள்ளமுமாக வந்து விழும். அதைத்தான் நம்புவாள். அதுவும் ஒரு கோடு போதாது. இருபத்தாறு வருஷமாக மூன்று கோடு. நடுக்கோடு கேட்டவர்களுக்கு, ஓரக்கோடு இரண்டும் தன் நிம்மதிக்கு.

ஐம்பத்தேழு வயதில் இன்னொரு வேலையும் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர். ஐம்பது தாண்டியவர்களின் கோப்பை ஒன்று உண்டு. ஒன்பது வருஷமாகக் கெட்டில் லேக் அதைத் தொட்டதில்லை. இந்த ஜனவரியில் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அதுவும் சொந்த ஊரில், கூரை போட்ட சொந்தப் பனியரங்கமான அரினாவில், சனிக்கிழமை.

அந்த வாரம் பார்த்துத்தானா நகராட்சிக்கு அரினாக் கூரைமேல் சந்தேகம் வர வேண்டும்? பனி வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதல். கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். புதன்கிழமை கிஸ்லேன் நடுக்கோடு இழுத்தாள். உத்தரம் தூணைத் தொடும் மூலையில் வரைபடம் குத்திட்டு எழுந்து நின்றது. அறிக்கையில் முத்திரை குத்தும் பொறியாளர் போஹ்டான் ஹிரிட்சாக் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"மூட வேண்டியதுதான் கிஸ். உன் கோப்பைக்கு என் அனுதாபம்."

"பொறு, பொறு. இது கூர் மூலை. இங்க கணினி புளுகும்னு உனக்குத் தெரியாதா?"

கணினி உத்தரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கித்தான் கணக்குப் போடும். கட்டத்தை இன்னும் பொடியாக்கினால் உண்மையான அழுத்தம் ஓரிடத்தில் நிலைத்துவிடும். பொய்யானது ஏறிக்கொண்டே போகும். வியாழக்கிழமை நான்கு முறை பொடியாக்கினாள். நான்கு முறையும் அந்தக் கூர்முனை ஏறியது. பொய். மேற்கு ஓரக்கோடு இழுத்தாள், ஒரு பிசகும் இல்லை. அந்த நேரம் பார்த்து அரினா மேலாளர் ஆர்வோ லெஹ்டினென் தொலைபேசியில் வந்தார்.

"என்ன மகராசி, திறக்கலாமா, பூட்டு வாங்கட்டுமா?"

"திற ஆர்வோ. பனிய நல்லா வழவழன்னு போடு, எனக்கு வயசாயிருச்சு."

ஊர் முழுக்கச் செய்தி போனது. டோனட் கடையில் அவளிடம் காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அரினாவில் பயிற்சி. ஆட்டத்து ரப்பர் வட்டு எதிர்க்கோடியில் கிடந்தபோது, கிழக்கு வலைக்கு முன்னால் நின்ற கிஸ்லேன் சும்மா அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே கிழக்கு ஓர உத்தரம். இந்தக் கோட்டை அவள் இழுக்கவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. மறந்துவிட்டேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். அது பொய், அவளுக்குக் கோப்பை வேண்டியிருந்தது, அதனால் நல்ல பதில் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மார்புக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தவளைப் பார்த்துப் போஹ்டான் எழுந்தே விட்டான். "என்ன, சண்டையா?"

அவள் மூன்றாவது கோட்டை இழுத்தாள். அரினாவை ஒட்டிக் கிழக்கே பிற்பாடு எழுந்த சமூகக்கூடம் இதைவிட உயரம். அதன் கூரைப் பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து இந்த ஓரத்தில்தான் குவிக்கும். அந்தப் பளுவைப் புதன்கிழமையே கணக்கில் ஏற்றியதும் அவள்தான். வரைபடம் மெல்ல ஏறி, அனுமதித்த அளவைத் தாண்டி, அங்கேயே நின்றது. கட்டத்தைப் பொடியாக்கினாள். அசையவில்லை. உண்மை.

"படத்துல இந்த இடம் பச்சையாத்தானே இருந்துச்சு?" என்றான் போஹ்டான்.

"அந்தப் பொய் மூலை சிவப்ப எல்லாம் அதுவே முழுங்கிடுச்சு. மிச்சத்துக்கெல்லாம் பச்சைதான் மிஞ்சுச்சு. பொய்யின்னு தெரிஞ்சப்புறமாவது வண்ண அளவ நான் மாத்தியிருக்கணும். மாத்தல. மூடச் சொல்லி முத்திரையக் குத்து."

ஆர்வோவிடம் நேரில் போய்த்தான் சொன்னாள். அவர் பனி மெழுகும் வண்டியை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்.

"நேத்து திறன்னே. இன்னைக்கு மூடுங்கிற. உன் வாய்க்கு எத்தனை நாக்கு?"

"நேத்து நான் முழுசாப் பாக்கல ஆர்வோ, கிழக்கு ஓரத்த விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"ஊருக்கு நீயே சொல்லிக்கோ" என்று அவர் திரும்பிக்கொண்டார். கூரையைத் தாங்க மூன்று வாரம் கழித்துத்தான் முட்டுத்தூண் வரும் என்றார்கள். அன்று மாலை டோனட் கடையில் அவளிடம் காசு வாங்கினார்கள், சிரிக்காமல்.

ஆட்டத்தை உறைந்து கிடந்த ஏரிமேல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை மைனஸ் இருபத்தேழு. கிஸ்லேன் எல்லோருக்கும் முன்னால் போனாள், யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல். ஆனால் ஆர்வோ அவளுக்கும் முன்னால் வந்திருந்தார். மீன் பிடிக்கப் பனியில் துளை போடும் பெரிய திருகுக் கருவியோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பனி ஆளைத் தாங்குமா என்று பார்க்க ஊரில் எல்லோரும் நடுவில் ஒரு துளை போடுவார்கள், அதோடு சரி. ஜனவரியில் அதுவே அதிகம்.

ஆட்டக்களத்தின் நடுத்துளையில் ஒரு குச்சி நட்டிருந்தது. மேற்கு ஓரத்தில் இன்னொரு குச்சி. ஆர்வோ உட்கார்ந்திருந்தது கிழக்கு ஓரத்தில்.

கிஸ்லேன் பக்கத்தில் போய் நின்றாள். துளைக்குள் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"பதினெட்டு அங்குலம். நடுவுலயும் பதினெட்டு. மேற்குலயும் பதினெட்டு." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூணு தடவை திருகி என் தோள்பட்டையே கழண்டுபோச்சு, எல்லாம் உன்னால. போ, போய் வலைக்கு முன்னாடி நில்லு."

அன்றைக்கு நான்கு கோல் விட்டாள். கோப்பை பத்தாவது வருஷமும் அடுத்த ஊருக்குப் போயிற்று. முதல் கோல் போனபோது முகமூடிக்குள்ளே கண் கலங்கி அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது ஆர்வோவுக்கு மட்டும் தெரியும்.